எங்கள் வீட்டு மேளச் சத்தம் பற்றி



முதலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு. அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு யன்னலால் வருகிற மேளச் சத்தம் என்னவென்று மூன்று பேர் நேரில் கேட்டுவிட்டார்கள். நேரில் கேட்காமல் வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு குரல் பதிவு சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கள் போனுக்கே வந்து சேர்ந்தது. "சேர் வீட்டில கோயில் மேளம் கேக்குது. பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்கள்." அனுப்பியவர் மேல் கோபமில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நாங்களும் அப்படித்தான் யோசித்திருப்போம். ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட முழுதாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று, இந்த ஐந்து மாதமும் எங்கள் வீட்டில் என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்பதை எழுதுகிறோம்.

வாப்பாவுக்கு பாரிசவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். (எங்களில் ஒருவருக்கு அவர் வாப்பா, மற்றவருக்கு மாமா. இங்கே வாப்பா என்றே எழுதுகிறோம்.) வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆனால் அது முழுதாகப் போகவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி" என்ற சொல் வராது. வாயைத் திறந்து, தேடி, கண் கலங்கி, கையை விரித்துவிடுவார். அதே மனிதர் சூறா பாத்திஹாவை ஓரிடத்திலும் தடக்குப்படாமல் ஓதுவார். ஸலவாத்து வரும். எங்களுக்கு இது விளங்கவே இல்லை. வைத்தியசாலையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ்தான் விளங்கப்படுத்தினார். பேச்சை நடத்துகிற இடம் மூளையின் இடது பக்கத்தில். அங்கே அடிபட்டாலும், மனனம் செய்ததும் ராகத்தோடு பழகியதும் பலருக்குத் தப்பி நிற்குமாம். "வயசான ஆள் சின்ன வயசில விரும்பிக் கேட்டது ஏதும் இருந்தாப் போட்டுக் காட்டுங்கோ" என்றார்.

விரும்பிக் கேட்டது எது? எங்களுக்குத் தெரிந்த வாப்பா எதையும் விரும்பிக் கேட்டவர் அல்ல. புத்தளத்துக்கு வந்த பிறகு அவருடைய வாழ்க்கை தையல் மெஷினும் பள்ளியும்தான். 1996இல் முகாமில் இருந்தபோது, எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பெருநாள் காசு சேர்த்து ஒரு பழைய கெசற் ரேடியோ வாங்கி வந்தார். வாப்பா ஒரு சொல் ஏசவில்லை. அதை எடுத்துத் துணியில் சுற்றி, கொண்டுபோய் விற்ற ஆளிடமே கொடுத்துவிட்டு வந்தார். "எங்கட கொட்டிலுக்குள்ள இது வேணாம்" என்றார். மார்க்கப் பற்று என்றுதான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தோம். சொந்தக்காரரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறோம்.

ஒரு நாள் மத்தியானம். வாப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறார் என்று ஓடினோம். இல்லை. நோவா? இல்லை. தட்டு நிற்கவில்லை. தரம் 9 படிக்கிற எங்கள் மகள்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இது சும்மா தட்டல்ல, எண்ணித் தட்டுறார்" என்றாள். ஏழு ஏழாகத் தட்டினார். பிறகு வாயும் சேர்ந்தது: "தகிட தகதிமி, தகிட தகதிமி." தண்ணி என்று சொல்ல ஏலாத வாய்!

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது, வாப்பா யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தைத்தார் என்று. அவருடைய தையல் கடை கஸ்தூரியார் வீதிப் பக்கம் இருந்தது. சட்டை, காற்சட்டை எல்லோரும் தைப்பார்கள். வாப்பா தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் உறை தைப்பார். தவில் உறை தைப்பது லேசான வேலையல்ல என்று உம்மா சொல்லுவா. இரண்டு பக்கமும் வட்டம், நடுவே பெருத்த வயிறு. அளவு ஒரு விரல் பிசகினால் ஏறாது. இணுவில், அளவெட்டிப் பக்கமிருந்து மேளக்காரர் வருவார்களாம். காசுக்குப் பதிலாகச் சில நேரம், "திருவிழாவுக்கு வாங்கோ நானா, முன்னுக்கு இடம் வைக்கிறம்" என்பார்களாம். வாப்பா போவார். உள்ளே போகமாட்டார், வீதியில் நின்று கேட்பார். விடிய வந்து சுபஹுக்கு நேரே பள்ளிக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் சோனகத் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்று உம்மா சொன்னா. உம்மா போய் ஆறு வருடம். இப்போது கேட்க ஆளில்லை.

அன்று பின்னேரமே மகள் போனில் தேடி, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டாள். 1933இல் பிறந்தவர், 1975இல் காலமாகிவிட்டார். நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்களெல்லாம் தங்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பிய யாழ்ப்பாணத்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். இதெல்லாம் பிறகு வாசித்து அறிந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். பழைய பதிவு, இரைச்சல் வேறு. ஆனால் வாப்பாவின் முகம்! எட்டு வாரமாக ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்த முகம் அது. நாங்கள் அழுதோம், அவர் அழவில்லை. கவனமாகக் கேட்டார், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி.

தவில் கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள். ஐந்து மாதத்தில் கொஞ்சம் பழகியிருக்கிறோம். முதலில் எல்லாம் ஒரே இடி. பிறகு இரண்டு குரல் கேட்கத் தொடங்கும். இடது பக்கத்தை ஒரு குட்டைத் தடியால் அடிக்கிறார்கள். பெரும்பாலும் பூவரசந் தடி. அது ஆழமான சத்தம். வலது பக்கம் விரல்களால். அந்தத் தோல் இறுக்கமானது, வெறும் விரல் தாங்காது. அதனால் விரல்களுக்குக் கூடு போடுகிறார்கள். கூடு என்றால் துணிக் கீலத்தைப் பசையில் தோய்த்து, விரலைச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துக் கல்லுப் போல இறுக்கிய தொப்பி. அதுதான் அந்தப் பளீர்ச் சத்தத்துக்குக் காரணம். உடல் பலா மரம். இவ்வளவு பாரமான, முரட்டுத்தனமான வாத்தியத்தில் மழைத் தூறல் மாதிரி மெல்லிய இடங்கள் வருகின்றன என்பதுதான் எங்களுக்கு இன்னும் ஆச்சரியம். தெட்சணாமூர்த்தி வேகமாக வாசிக்கிற இடத்தைப் பலர் புகழ்கிறார்கள். எங்களுக்குப் பிடித்தது அவர் வேகத்தைக் குறைத்து, அடுத்த அடி எப்போது விழும் என்று எங்களைக் காக்கவைக்கிற இடம்.

கூடு பற்றி எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அதுவும் வாப்பாவால்தான். ஒரு நாள் இடது கையால் வலது விரல்களைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். விரலில் காயமோ என்று பார்த்தோம். பிளாஸ்டர் ஒட்டினோம், பிடுங்கி எறிந்தார். பண்டேஜ் துணி கொண்டுவந்தோம். அதை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். பசியாக்கும் என்று சோறு கொண்டுபோனால், அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். பிறகு அந்தச் சோற்றிலேயே நாலு பருக்கையை எடுத்து நசித்துத் துணியில் பூசிக் காட்டினார். பசை! கஞ்சிப் பசை காய்ச்சிக் கொடுத்தோம். தையற்காரனின் கை அல்லவா, இடது கையாலேயே துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, செத்துக் கிடந்த வலது விரல் ஒவ்வொன்றையும் தூக்கிச் சுற்றினார். அந்த வலது கையை அவர் பார்க்கவே மறுத்த மனிதர். பிசியோதெரபிக்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விரல்கள் குணமாகிவிட்டன என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் கொஞ்சம் அசைகின்றன. அது பயிற்சியாலா, காலத்தாலா, அல்லாஹ்வின் கருணையாலா என்று பிரித்துச் சொல்ல எங்களால் ஏலாது. டொக்டருக்கும் ஏலவில்லை.

இனி நாதஸ்வரம். அந்தக் குரல் பதிவுக்குப் பிறகு, இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஹாஜியார் நேரிலேயே வந்தார். அவரும் யாழ்ப்பாணத்தார்தான், வாப்பாவைவிட வயது குறைவு. அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரம். பெயரைச் சொன்னதும் நம்பவில்லை. உண்மைதான்: 1924இல் ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் பிறந்த முஸ்லிம். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கி, அந்தத் தஞ்சாவூர்ப் பாணியைப் படிக்கத் தமிழ்நாட்டுக்கு வந்து, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். 1998இல் சென்னை மியூசிக் அக்கடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அடுத்த வருடம் மௌத்தாகிவிட்டார். அவருடைய தோடியை நாங்கள் இரவில்தான் கேட்போம், சத்தத்தைக் குறைத்து. மூச்சுத்தான் முழுதும். நீண்டு கொண்டே போகிற ஒரு சுரத்தில் மனிதர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று மகள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள்.

நாங்கள் இதையெல்லாம் ஹாஜியாரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னோம். அவர் கேட்டார்: "முஸ்லிம் ஊதினா ஹலாலாயிடுமா?"

நியாயமான கேள்வி. வாயடைத்துப் போனோம். சொல்வதை அப்படியே சொல்லவேண்டும்: கலைஞரின் பெயரைக் காட்டி மறுபக்கத்தாரின் வாயை மூடலாம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தோம். அது சரியான வாதம் அல்ல. வாத்திய இசை விடயத்தில் உலமாக்களுக்கிடையில் கருத்து வேறுபாடு பழையது. பெரும்பாலானோர் தடுத்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் போன்றவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ‘ஸமா’ பற்றித் தனியாக ஒரு நூற்பகுதியே எழுதி, எது எந்த நிலையில் ஆகும், ஆகாது என்று பிரித்துப் பேசுகிறார். தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்ல. எங்களுக்கு நம்பிக்கையான மௌலவி ஒருவரிடம் போய் முழுவதையும் சொன்னோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாப்பாவை வந்து பார்த்தார். அரை மணித்தியாலம் இருந்தார். போகும்போது, "நோயாளியின்ட விசயம். மத்த ஆக்களுக்குத் தொந்தரவில்லாமப் பாருங்க. பாங்கு நேரத்தில நிப்பாட்டுங்க. உங்களுக்குப் பொழுதுபோக்கா ஆக்கிடாதீங்க" என்றார்.

கடைசி வசனம் எங்களைக் குத்தியது. ஏனென்றால் ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது. வாப்பா தூங்கிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தோமே! மற்ற இரண்டையும் சரியாகக் கடைப்பிடிக்கிறோம். மூன்றாவதில் நாங்கள் பலவீனமானவர்கள். மறைக்கவில்லை.

அந்தப் பலவீனத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பிஸ்மில்லாஹ் கானின் ஷெனாய். காசியில் வாழ்ந்து, தொழுகையும் விடாமல், கங்கைக் கரைக் கோவிலில் இருந்து பயிற்சி செய்தவர். 2001இல் பாரத ரத்னா, 2006இல் மௌத்து. வாப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். இடது கையின் இரண்டு விரலைக் கிட்டக் கொண்டுவந்து "சின்னன்" என்றார். ஷெனாய் நாதஸ்வரத்தைவிடக் குட்டைதான், சத்தமும் மெல்லியது. தவில் கேட்ட ஆளுக்கு அது காணாது. பிறகு உம்மு குல்தூம். எங்களில் ஒருவர் விடைத்தாள் திருத்தும்போது ‘அல் அத்லால்’ ஓடும். 1966இல் முதலில் பாடியது, ஒரே பாட்டு ஒரு மணித்தியாலம் போகும். கூட்டம் கத்தக் கத்த அதே அடியைத் திரும்பவும் பாடுவார், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. அவருடைய வாப்பா ஒரு கிராமத்துப் பள்ளி இமாம். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு என்பதால்தான் ஒவ்வோர் எழுத்தும் அவ்வளவு தெளிவு.

அதைக் கேட்கப்போய்த்தான் ஒரு விசயம் பிடிபட்டது. பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிற ரீச்சர் வாப்பாவைப் பார்க்க வந்திருந்தார். மகள் கேட்டதற்காக முதற் பாடம், சரளி வரிசை, பாடிக் காட்டினார். மகள் உடனே, "சுபஹு பாங்கு மாதிரி இருக்கு" என்றாள். நாங்கள் பதறிப்போனோம், ரீச்சர் பிழையாக எடுப்பாரோ என்று. அவர் பதறவில்லை. "எங்க, உங்கட பாங்கைப் போடுங்கோ பாப்பம்" என்றார். எங்கள் மஹல்லா முஅத்தினாரின் பாங்கு போனில் இருந்தது. இரண்டு தடவை கேட்டுவிட்டு, "பிள்ளை சொல்றது சரி" என்றார்.

விசயம் இதுதான். சரளி வரிசை மாயாமாளவகௌளை என்ற இராகத்தில் இருக்கிறது. ச, அதை ஒட்டினாற் போல ஒரு ரி, பிறகு ஒரு பெரிய தாவல், க, உடனே பக்கத்தில் ம. நடுவில் இருக்கிற அந்தத் தாவல்தான் அதன் முகம். அரபு இசையில் ஹிஜாஸ் என்கிற மகாமும் இதே நான்கு சுரத்தோடுதான் தொடங்குகிறது. எங்கள் முஅத்தினார் சுபஹுக்கு ஓதுவது அதில்தான். மேலே போகப் போக இரண்டும் கொஞ்சம் பிரியும். முழு ஹிஜாஸுக்கு இன்னும் கிட்டியது வகுளாபரணம், மேளகர்த்தா வரிசையில் 14. மாயாமாளவகௌளை அதற்கு அடுத்த வீடு, 15. அரபிகள் சுரத்தை நிறுத்துகிற இடம் மயிரிழை வித்தியாசப்படும் என்றும் ரீச்சர் சொன்னார். இதை வைத்து எல்லாம் ஒன்றுதான் என்று நாங்கள் பிரசங்கம் வைக்கப்போவதில்லை. பாங்கு பாங்குதான், பாட்டு பாட்டுதான். ஆனால் கோயில் வீதியில் விடிய விடிய நின்றுவிட்டு, அங்கிருந்து நேரே சுபஹுக்குப் போன ஒரு தையற்காரனின் காதுக்கு அந்த இரண்டு இடத்துக்கும் இடையிலிருந்த தூரம் எவ்வளவு என்று யோசித்தோம்.

1990 ஒக்டோபர் 30. புலிகள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். எங்களில் ஒருவருக்கு அப்போது பதினொரு வயது. மற்றவர் புத்தளத்தில் பிறந்து, வந்திறங்கிய லொறிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை. வாப்பாவின் கடையில் தையல் மெஷினுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் கெசற்றுகள். மேளக்காரர் தாங்களே பதிந்து கொடுத்தவை. கடையில் விற்காத கெசற்றுகள். மெஷினையே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு டின் எங்கே? தைக்கக் கொடுத்திருந்த ஒரு தவில் உறை முடியாமல் கிடந்தது என்றும், முற்பணம் வாங்கிவிட்டேனே என்று வாப்பா முகாமில் அடிக்கடி சொன்னார் என்றும் உம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறா. அப்போது அது எங்கள் காதில் ஏறவில்லை.

மூன்று கிழமைக்கு முன்பு துணிந்து கேட்டோம். "அந்த ரேடியோவ ஏன் திருப்பிக் குடுத்தீங்க? ஹறாம் எண்டா? இல்ல, ஊர் ஞாபகம் வருமெண்டா?" நெடுநேரம் வாயைத் திறந்து தேடினார். பிறகு இடது கையில் இரண்டு விரலைத் தூக்கினார். இரண்டாவதா என்று கேட்டோம். தலையை ஆட்டினார், இல்லை. முதலாவதா? இல்லை. பிறகு வந்தது: "ரெண்டும்."

ஹாஜியார் வந்த அன்று நடந்த ஒன்றை விட்டுவிட்டோம். அவர் எழும்பிப் போகிற நேரம் தோடி முடிந்து, போனில் தானாக அடுத்தது தொடங்கியது. மல்லாரி. சுவாமி புறப்படுகிற நேரத்தில் சாகித்தியம் இல்லாமல் வாசிப்பது, கம்பீரநாட்டையில். முதல் அடி விழுந்ததும் ஹாஜியார் கதவடியில் நின்றுவிட்டார். "நல்லூர்த் தேர்" என்றார், எங்களுக்கல்ல, வாப்பாவுக்கு. வாப்பா இடது கையைத் தூக்கினார். ஹாஜியார் திரும்பி வந்து கட்டிலில் இருந்தார். முடியும்வரை இருந்தார். ஒன்றும் கதைக்காமல் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. போன ஜும்ஆவுக்குக் கண்டபோது வாப்பாவின் சுகம் விசாரித்தார். மேளத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இப்போது இந்தப் பதிவை எழுதுவதற்கான உண்மைக் காரணம். நாங்கள் எதைப் போட்டாலும் வாப்பா கேட்கிறார், சந்தோசப்படுகிறார், ஆனால் முடிவில் தலையை ஆட்டுகிறார்: இது அல்ல. எதையோ தேடுகிறார். விரலால் எண்ணிக் காட்டியதில் நாங்கள் விளங்கிக்கொண்டது: நான்கு கூட்டம் மேளம், இரவு, மழை, நிறுத்தாமல் வாசித்தது. எந்தக் கோயில் என்று தெரியாது. வருடம் 75க்கு முன்பாக இருக்கவேண்டும்; தெட்சணாமூர்த்தி என்றால் ஆம் என்கிறார். அந்த பிஸ்கட் டின்னில் இருந்த கெசற்றுகளில் ஒன்றாக இருக்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில் யாழ்ப்பாணத்தில் சிநேகிதர் உள்ளவர்கள், இணுவில், அளவெட்டிப் பக்கம் மேளக்காரக் குடும்பங்களைத் தெரிந்தவர்கள், வெளிநாட்டில் பழைய கெசற் வைத்திருக்கிறவர்கள் இருந்தால் தயவுசெய்து விசாரியுங்கள். மழைச் சத்தம் சேர்ந்து பதிந்த கெசற் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இன்பொக்ஸில் எழுதினால் போதும். முடிக்காமல் விட்ட தவில் உறை யாருடையது என்று யாருக்காவது தெரிந்தாலும் சொல்லுங்கள். வாப்பா அந்த முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறார்.

சத்தம் கூடினால் கதவைத் தட்டுங்கள், குறைக்கிறோம். வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.